ஆடியில் லைப்போசக்ஷன், ஆவணியில் கல்யாணமா?

ஆடி பிறந்தால் சென்னையில் கல்யாண மண்டபங்கள் ஓய்ந்துவிடும். பிளாஸ்டிக் சர்ஜன்களான எங்கள் அறைகள் நிரம்பத் தொடங்கும். ஆவணியில் முகூர்த்தம் குறித்த மணப்பெண்கள் வருவார்கள். மார்பு துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று தொளதொளச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டு மாப்பிள்ளைகளும் வருவார்கள். "இன்னும் நாலு வாரம் இருக்கிறதே டாக்டர், இடுப்புக் கொழுப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்பார்கள். நாலு வாரம் போதாது. நேரில் இதைச் சொல்லும்போது அந்த முகங்கள் வாடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்: முகூர்த்தத்துக்குக் குறைந்தது நாலைந்து மாதமாவது இருந்தால்தான் லைப்போசக்ஷன் என்கிற இந்தக் கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காரணம் வீக்கம். கொழுப்பை எடுத்த மறுநாள் யாரும் இளைத்துத் தெரிவதில்லை. எடை பார்த்தால் ஓரிரு கிலோ கூடியும் இருக்கலாம். சிகிச்சையின்போது செலுத்திய திரவமும் காயம்பட்ட திசுக்களில் கோர்க்கும் நீரும்தான் அது. முதல் சில நாட்கள் வீக்கம் ஏறும். தோல் கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறும். நாலிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். மிச்சமும் வடிந்து உடலின் வடிவம் தெளிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருபவர்கள் இரண்டாவது வாரத்தில் கண்ணாடி முன் நின்று அழுகிறார்கள். பணமும் போய், வலியும் பட்டு, முன்பைவிடப் பருத்துவிட்டோமே என்ற அழுகை அது.

"எத்தனை கிலோ குறையும்?" என்பது அடுத்த கேள்வி. இது எடை குறைக்கும் சிகிச்சையே அல்ல. உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் மசியாமல் ஓரிடத்தில் தங்கிவிட்ட கொழுப்பை எடுத்து அந்த இடத்தைச் சீராக்கும் சிகிச்சை. உங்கள் வயிற்றை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிந்து வருவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு, அதை எடுக்கலாம். கிள்ளவே வராமல் கல்போல் விறைத்து முன்னே தள்ளும் தொப்பை என்றால், கொழுப்பு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. உறிஞ்சு குழாய் அங்கே போகக் கூடாது. நம் ஊர் ஆண்கள் பலருக்கு இருப்பது இந்த இரண்டாவது வகைதான். பிரசவத்துக்குப் பிறகு தொங்கும் தோலையும் இது இறுக்காது. அதற்கு வேறு அறுவை சிகிச்சை உண்டு. சர்க்கரை நோய் குறையும் என்று நம்பி வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பைப் பெருமளவில் எடுத்துவிட்டு 10 முதல் 12 வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் செயல்பாட்டிலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ராலிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

சிகிச்சை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சலைன் எனும் உப்பு நீரில், மரத்துப்போக வைக்கும் லிக்னோகைனும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து கொழுப்புக்குள் செலுத்துவோம். 1980களில் கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் உருவாக்கிய இந்த முறைக்குப் பிறகுதான் ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. பிறகு சில மில்லிமீட்டர் துளைகள் வழியே மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சுவோம். ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பது பெரிய அளவாகக் கருதப்படுகிறது, ஆபத்தும் கூடுகிறது. "பத்து லிட்டர் எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று எவராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை நடந்த அன்று இரவு எப்படி இருக்கும் என்பது வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் ஒரு தாய் பதறிப்போய் அழைத்தார்: "படுக்கையெல்லாம் ரத்தம், டாக்டர்." புகைப்படம் அனுப்பச் சொன்னேன். விரிப்பில் இருந்தது ரோஸ் நிறத் தண்ணீர், ஓரங்களில் வெளிறிய வட்டம். செலுத்திய திரவம் துளைகள் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. ஓரிரு நாள் இப்படி வடிவது நல்லது. ரப்பர் ஷீட்டும் பழைய துண்டுகளும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான சிவப்பு ரத்தம் நிற்காமல் வந்தால் மட்டும் கதை வேறு. உடனே அழைக்க வேண்டும்.

அடுத்தது பெல்ட். உடலை இறுக்கிப் பிடிக்கும் இந்த உடையை நாலு முதல் ஆறு வாரம் அணிய வேண்டியிருக்கும். சென்னையின் கோடையில் அது பெரிய தண்டனைதான். வேர்க்குரு வரும், மடிப்புகளில் தோல் உரசிப் புண்ணாகும். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி மாற்றிப் போடுங்கள். முதல் முறை குளிக்கப் போகும்போது நின்றபடி கழற்றாதீர்கள். அழுத்தம் சட்டென்று விலகுவதால் தலை சுற்றிக் குளியலறையிலேயே மயங்கி விழுபவர்கள் உண்டு. ஏதாவது சாப்பிட்டுவிட்டு, படுத்த நிலையில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு மெல்லக் கழற்றுங்கள்.

அப்புறம், பத்தியம். தயிர் போட்டால் சீழ் வைக்கும், பருப்பு ஆகாது, தண்ணீரைக் குறை என்று பாட்டி சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் புண் ஆறப் புரதம் வேண்டும். தண்ணீரும் நிறைய வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் சாப்பிடலாம். சிகிச்சை நடந்த அன்று மாலையே எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். "அசையாமல் படு" என்று பாசத்தோடு சொல்வதுதான் காலில் ரத்தம் உறைய வழி செய்கிறது. முதல் வாரத்தில் ஊருக்கு இரவு பஸ்ஸில் கிளம்புவதும் அப்படித்தான். கருத்தடை மாத்திரையோ, விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையோ எடுத்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்; அவையும் இந்த ஆபத்தைக் கூட்டக்கூடும். மாமியார் அருகில் இருப்பதால் சொல்லத் தயங்கும் பெண்களைப் பார்க்கிறேன். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

யாரிடம் செய்துகொள்கிறீர்கள் என்று விசாரிப்பதில் கூச்சமே வேண்டாம். மருத்துவரின் பதிவு எண்ணையும் எந்தத் துறையில் பயிற்சி பெற்றவர் என்பதையும் கேளுங்கள். மயக்க மருந்து நிபுணர் உடன் இருப்பாரா, நிலைமை மோசமானால் எந்த ஐசியுவுக்கு மாற்றுவார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லாமல் சலுகை விலையையும் மாதத் தவணையையும் மட்டுமே பேசும் இடம் உங்களுக்கு வேண்டாம்.

மரத்துப்போதல், அரிப்பு, தோலுக்கு அடியில் தட்டுப்படும் கட்டிகள் ஆகியவை பல வாரம் இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உளறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தாங்க முடியாத வயிற்று வலி, குளிர் காய்ச்சல், பரவும் சிவப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைதல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது. மருத்துவரை அழையுங்கள். மூச்சோ நினைவோ தடுமாறினால் அதற்கும் நேரம் கொடுக்காமல் 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.