ஸ்பானிஷ் வினைச்சொற்கள்: ஆங்கிலம் பேசுவோர் இடறும் இடங்கள்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கு ஸ்பானிஷ் கற்பித்துவரும் எனக்கு, வினை வாய்பாட்டை நெட்டுருப் போட்டுக்கொண்டு முதல் வகுப்புக்கு வருகிறவரைக் கண்டால் சற்றுக் கலக்கமாகவே இருக்கும். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ் (பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம்) என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். 'வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள்?' என்று கேட்டாலோ, அந்த வரிசையை மனத்துக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்த பிறகே வாய் திறப்பார்.

ஆங்கிலத்தில் நிகழ்கால வினை பெரும்பாலும் உருமாறாது என்பதால், செய்பவர் யார் என்பதை முன்னால் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பானிஷிலோ, நம் 'பேசுகிறேன்', 'பேசுகிறோம்' போல, விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. இது பிடிபடாதவர்கள் வாக்கியந்தோறும் 'யோ' (நான்) என்று தொடங்குவார்கள். இலக்கணப்படி அது பிழையன்று. ஆனால் 'நான் சாப்பிடுகிறேன், நான் படிக்கிறேன், நான் தூங்குகிறேன்' என்று ஒருவர் அடுக்கினால் நம் காதுக்கு எப்படியோ, அப்படித்தான் அவர்கள் காதுக்கும்.

அன்றாடம் புழங்கும் வினைகளே வாய்பாட்டுக்கு அடங்காதவை என்பதால், தன்மை ஒருமையில் 'கோ' என்று முடியும் தெங்கோ (என்னிடம் உண்டு), ஆகோ (செய்கிறேன்), திகோ (சொல்கிறேன்), சால்கோ (வெளியே போகிறேன்) ஆகியவற்றைச் சிறு வாக்கியங்களாகவே முதலில் பழக்குகிறேன். லத்தீன் அமெரிக்காவுக்குச் செல்பவர்கள் 'வொசோத்ரோஸ்' (நெருங்கியவர்கள் பலரை விளிக்கும் 'நீங்கள்') வடிவங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். அங்கே அவை பேச்சில் வழங்குவதில்லை.

மிகுதியாகச் சறுக்குவது செர், எஸ்தார் என்ற இரு வினைகளில்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'be' என்ற ஒரே சொல். தன்மை ஒருமையில் செர் 'சோய்' என்றும், எஸ்தார் 'எஸ்தோய்' என்றும் வரும். தமக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்த மாணவர் ஒருவர் 'சோய் அபுர்ரீதோ' என்றார். 'நான் அறுவை ஆசாமி' என்று அதற்குப் பொருள். 'எஸ்தோய் அபுர்ரீதோ' என்றிருக்க வேண்டும். (அன்றைய வகுப்பு சலிப்பாக இருந்தது என் குற்றம்; அது வேறு கதை.) நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பரவலாகச் சொல்லித்தரப்படும் விதியை நான் கைவிட்டுவிட்டேன். மாத்ரித் ஸ்பெயினில் இருப்பதற்கும் எஸ்தார், ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கும் எஸ்தார். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மணியைச் சொல்வதற்கோ செர். இன்னார், இன்னது என்று அடையாளம் சொல்வது செர் என்றும், ஒன்று எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது எஸ்தார் என்றும் கொண்டால் பெரும்பாலும் தவறாது.

பசியும் வயதும் 'தெனேர்', அதாவது உடைமை வினையைப் பெறும்: 'தெங்கோ ஆம்ப்ரே' என்றால் எனக்குப் பசிக்கிறது.

'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கிலேயருக்கு விளக்க அரைமணி நேரமாகும். விரும்புகிறவரை எழுவாயாக்கியே பழகிய அவர்கள் 'யோ குஸ்தோ' என்று தொடங்கிவிடுவார்கள். தமிழருக்கு ஒரு நொடி போதும்: 'எனக்குக் காப்பி பிடிக்கும்.' பிடித்தவை பலவானால் மட்டும் 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்' (எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்) என்று வினையும் பன்மையாகும். நம் 'பிடிக்கும்' அங்கே மாறாது என்பதால், அந்த 'ன்' என் வாயிலும் நெடுங்காலம் விட்டுப்போனது.