காரின் இன்ஜின் காற்றை எப்படி எடைபோடுகிறது?

தென்னாப்பிரிக்காவில், ஈஸ்டர் விடுமுறையில் டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு வந்துவிட்டு ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா திரும்புகிற குடும்பங்களுக்கு என்3 சாலை நன்றாகத் தெரியும். ஆள்களும் பெட்டிகளும் நிறைந்த கார் வான் ரீனன் கணவாய் ஏறும்போது திணறும். மேலே சமவெளிக்கு வந்த பிறகும் டர்பனில் இழுத்த மாதிரி இழுக்காது. இது இன்ஜின் கோளாறு இல்லை. டர்பனில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் 83 தான். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதே கொள்ளளவு காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அந்தக் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் அதே அளவுக்குக் குறையும்.

இதில் எனக்கு வியப்பு தருவது வேறொன்று. சக்தி குறைந்தாலும் கார் கரும்புகை விடுவதில்லை, பெட்ரோலை வீணாக்குவதில்லை. காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுத்த பழைய கருவியான கார்புரேட்டரின் காலத்தில் அப்படி இல்லை. கடற்கரையில் சரிபார்த்து வைத்த கார்புரேட்டர், மேட்டு நிலத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு பெட்ரோலை ஊற்றும். காற்று போதாமல் பாதி எரிந்த பெட்ரோல் புகையாக வெளியேறும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். இன்று அந்தக் கவலை இல்லாமல் போனதற்கு, ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன சென்சார்தான் முக்கியக் காரணம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கு எடையில்தான் செல்லும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 11 கிலோ காற்று தேவை. டர்பனில் அது ஏறக்குறைய 9 கன மீட்டர் இடத்தை அடைக்கும்; ஜோஹன்னஸ்பர்க்கில் 11 கன மீட்டர். ஆகவே எத்தனை லிட்டர் காற்று உள்ளே போனது என்று தெரிந்தால் போதாது, எத்தனை கிராம் போனது என்று, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும்.

ஓடுகிற காற்றை எப்படி எடைபோடுவது? சூடான தேநீரை ஊதி ஆற்றுகிறோமே, அதே வேலைதான் அந்தச் சின்ன சென்சாருக்குள், அதாவது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குள் நடக்கிறது. காற்றுக் குழாயின் குறுக்கே மிக மெல்லிய பிளாட்டினம் கம்பி ஒன்று. புதிய கார்களில் கம்பிக்குப் பதிலாகச் சின்ன சிப் ஒன்றின் மேல் படிந்த உலோகப் படலம். மின்சாரம் அதைச் சூடாக்கி, உள்ளே வரும் காற்றைவிடச் சுமார் 100 டிகிரியோ அதற்கும் மேலோ அதிகமாக வைத்திருக்கும். காற்று அதைக் குளிர்விக்கப் பார்க்கும். சர்க்யூட் விடாமல் கூடுதல் மின்சாரம் கொடுத்து அதே சூட்டில் நிறுத்தும். அப்படிக் கொடுத்த மின்சாரம்தான் அளவு. கம்பியில் வந்து மோதும் மூலக்கூறுகள் அதிகமானால் வெப்பமும் அதிகமாகப் பறிபோகும். மெலிந்த காற்று அதே வேகத்தில் வந்தாலும் குறைவாகத்தான் குளிர்விக்கும். அதனால் உயரத்துக்கு என்று தனிக் கணக்கே போட வேண்டியதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஒரு சிக்கல் உண்டு. காற்று இரட்டிப்பானால் பறிபோகும் வெப்பம் இரட்டிப்பாவதில்லை. ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். 1914இல் இயற்பியலாளர் எல்.வி. கிங் இதை விளக்கினார். எனவே கம்ப்யூட்டர் ஒரு வளைகோட்டை நினைவில் வைத்துக்கொண்டு, சென்சார் சொல்வதை அதன்படி கிராமாக மாற்றுகிறது. கம்பி சுத்தமாக இருந்தால்தான் அந்த வளைகோடு செல்லும்.

எல்லாக் கார்களிலும் இந்தச் சென்சார் இருக்காது. பலவற்றில், இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு பிரஷர் சென்சாரும் காற்றின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சாரும் மட்டுமே. அழுத்தம், வெப்பம், இன்ஜின் வேகம் மூன்றையும் வைத்து கம்ப்யூட்டரே எடையைக் கணக்கிட்டுவிடும்.

அழுக்குக்கு வருவோம். டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம் பக்கம் அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைக்கும் நாட்களில் சாம்பல் பறந்து வந்து முற்றமெல்லாம் விழும். அதை ஏர் ஃபில்டர் தடுத்துவிடும், ஆனால் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். கம்பிக்கு உண்மையான எதிரி, சரியாகப் பொருத்தாத ஃபில்டரின் ஓரமாக நுழையும் நுண்தூசியும், எண்ணெய் பூசிய பஞ்சு ஃபில்டரிலிருந்து வரும் எண்ணெய்த் திவலையும்தான். இவை கம்பியின் மேல் போர்வை மாதிரி படிந்தால், காற்றால் அதைச் சரியாகக் குளிர்விக்க முடியாது. உள்ளே வந்ததைவிடக் குறைவான காற்றைச் சென்சார் சொல்லும், பெட்ரோல் குறையும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் ஒரு கணம் தயங்கும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். அதற்கும் எல்லை உண்டு. தாண்டினால் இன்ஜின் விளக்கு எரியும், பெரும்பாலும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று சொல்லும் பி0171 என்ற குறியீட்டுடன்.

இந்தக் குறியீட்டைப் பார்த்ததும் புதுச் சென்சார் வாங்க ஓடாதீர்கள். சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் விரிசல் விழுந்து, கணக்கில் வராத காற்று நுழைந்தாலும் இதே குறியீடுதான் வரும். பிரித்தறிய வழி இருக்கிறது. கார் கம்ப்யூட்டரின் எண்களைப் போனில் காட்டும் சாதாரண ஓபிடி ரீடரை மாட்டி, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று சொல்லும் ஃபியூயல் டிரிம் எண்ணைப் பாருங்கள். கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் எண் பெரிதாக இருந்து, வேகம் கூடக் கூடக் குறைந்தால் குழாயில் ஓட்டை. மேடு ஏறும்போது எண் கூடினால் சென்சாரில் அழுக்கு என்று சந்தேகிக்கலாம்.

பிரஷர் சென்சார் உள்ள காரில் சென்சாரைச் சோதிப்பது இன்னும் எளிது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், அந்தச் சென்சார் ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த்தில் 100ஐ ஒட்டி வரும். லெனேசியாவில் 84 வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் சரி. அங்கே 100 காட்டினால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

சுத்தம் செய்வதானால், ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும் போதும். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம், அவை பிளாஸ்டிக்கைக் கெடுக்கலாம். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, இணைப்பைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுங்கள். சற்றுத் தள்ளி நின்று ஸ்ப்ரே அடியுங்கள். விரலோ பஞ்சோ கம்பியில் படக்கூடாது, கம்ப்ரசர் காற்றும் அடிக்கக்கூடாது. அந்தக் கம்பி அவ்வளவு மென்மையானது. முழுவதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். கடலோரக் கார்களில் இணைப்பின் பின்களில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம் உடனே மாற்றம் தெரியாவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். கம்ப்யூட்டர் பழைய திருத்தத்தையே இன்னும் நினைவில் வைத்திருக்கும்; சில நாள் ஓட்டியதும் ஃபியூயல் டிரிம் எண் மெல்லச் சுழியத்தை நோக்கி இறங்குவதை ரீடரில் பார்க்கலாம்.