ஹைப்பர்கேப்னியா: கரியமில மிகை

ஹைப்பர்கேப்னியா என்றால் இரத்தத்தில் கரியமிலவாயு வழக்கமான அளவைத் தாண்டி ஏறியிருக்கும் நிலை. கிரேக்க மொழியில் 'கப்னோஸ்' புகை, 'ஹைப்பர்' மிகுதி. இரத்தத்தில் புகை எப்படி? அடுப்பில் கரி எரிந்தாலும், தின்ற சோறு உடம்புக்குள் எரிந்தாலும் வெளிவருவது இந்த வாயுதானே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ப்ஸ் மலையில் ஆராய்ந்த இத்தாலியர் ஆஞ்சலோ மோசோ, இரத்தத்தில் இது குறைவதை 'அகேப்னியா' என்றார். (தென்னாப்பிரிக்காவில் கடலோர டர்பனை விட்டு 1,700 மீட்டருக்கு மேலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறுகிறவருக்கும் மூச்சு சற்றுக் கூடி, இது கொஞ்சம் குறையத்தான் செய்யும்.)

சரி, காற்றையே காணாத வயிற்றுப் பிள்ளைக்கும் இந்தச் சொல் பொருந்துமா? பொருந்தும். அதன் நுரையீரலில் இருப்பது நீர். பிராணவாயு நஞ்சுக்கொடி வழியே வருகிறது. ஆனாலும் ஏறக்குறைய 10ஆம் வாரத்திலிருந்து நெஞ்சும் உதரவிதானமும் மூச்சு விடுவதுபோல் அசைகின்றன. கடைசி 10 வாரங்களில் மொத்த நேரத்தில் சுமார் 30 விழுக்காடு, விட்டுவிட்டு, இந்த அசைவு இருக்கும். நுரையீரல் ஒழுங்காக வளர இது தேவை.

கர்ப்பிணி வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு விடுவதால் அவர் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்திருக்கும். பிள்ளையிடம் கூடுதலாக உள்ளது தாயிடம் வழிந்து போய்விடும். தாய் இந்த வாயு சற்றுக் கலந்த காற்றைச் சுவாசித்தால் பிள்ளையின் இரத்தத்திலும் அது ஏறி, மூச்சசைவு கூடும், ஆழமும் ஆகும். தாய் வேகவேகமாக மூச்சு விட்டு அதைக் குறைத்தால் அசைவும் குறையும். பிராணவாயுக் குறைவுக்கு மட்டும் எதிர்மாறான விளைவு. நாமானால் மூச்சு வாங்குவோம். கருவோ அசைவை நிறுத்திக்கொள்ளும். நீருக்குள் நெஞ்சை அசைத்துப் பிராணவாயு கிடைக்கப் போவதில்லை, செலவுதான் மிச்சம்.

ஹைப்பர்கேப்னியாவுக்குத் தமிழில் 'கரிவளி மிகை' எனலாம். சின்னச் சொல், அழகாகவும் இருக்கிறது. எனக்கென்னவோ 'கரியமில மிகை'தான் பொருத்தம். வாயு கரைந்ததும் உண்டாகும் அமிலத்தன்மையைத்தான் மூளைத்தண்டு உணர்ந்து மூச்சைத் தூண்டுகிறது. கிரேக்கப் புகையில் இல்லாத அந்த அமிலம் நம் பழைய சொல்லில் இருக்கிறது. எதிர்ச்சொல் 'கரியமிலக் குறை'.

டர்பன் பக்கம் ஆங்கிலத்தில் வரும் ஸ்கேன் ரிப்போர்ட்டை வீட்டில் ஆயாவுக்குச் சொல்லும்போது 'கருவின் சுவாசம்' என்றால், பிள்ளை உள்ளே காற்று இழுக்கிறது என்று நினைத்துவிடுவார். 'மூச்சசைவு' என்பதே சரி. 30 நிமிடப் பார்வையில் 30 விநாடி தொடர்ந்து தெரிந்தால் மருத்துவர்கள் அதை நல்ல அறிகுறியாகக் கொள்வார்கள். தெரியாவிட்டால் பிள்ளை ஆழ்ந்து தூங்கிக்கொண்டும் இருக்கலாம். அதனால் கைகால் அசைவு, தசை இறுக்கம், பனிக்குட நீர், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.