தலைமை இருக்கத் தலைமைத்துவம் எதற்கு?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டப வாசலில் ஒட்டியிருந்த தாளை ஆயா ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். 'சமூகப் பொதுச் சுகாதார மேம்பாட்டிற்கான குழு சார்ந்த தலைமைத்துவப் பயிற்சி.' 'தலை... மைத்து...' வரை வந்தவர் நின்றுவிட்டு, "யாரோட மைத்துனன்?" என்று என்னைக் கேட்டார். இங்கே தமிழ் எழுத்து தெரிந்தவர்களே கொஞ்சம் பேர். அவர்களையும் இப்படியா விரட்டுவது?

சொல் எளியது. தலை + மை = தலைமை. நன்மை, பெருமை, இனிமை போல, 'மை' வந்ததும் பண்பு வந்துவிட்டது. 'துவம்' வடமொழி விகுதி, சமத்துவம், மகத்துவத்தில் வருவது. அதற்கும் அதே வேலைதான். ஆக, தலைமைத்துவம் என்பது சட்டைமேல் சட்டை. நன்மைத்துவம் என்று யாராவது சொல்கிறார்களா? (மருத்துவத்தை இதில் இழுக்காதீர்கள்; அது மருந்திலிருந்து வந்தது.)

'கட்சித் தலைமை முடிவெடுக்கும் என்கிறோமே, அங்கே தலைமை ஆளையல்லவா குறிக்கிறது? திறமைக்குத் தனிச்சொல் வேண்டாமா?' என்பார்கள். வாதம் மோசமில்லை, நானும் கொஞ்சநாள் ஒத்துக்கொண்டவன்தான். ஆனால் பக்கத்தில் நிற்கும் சொல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்: தலைமைப் பதவி, தலைமைத் திறன். அப்புறம், 'தலைமை தாங்குவது' என்கிறோமே, அதில் பதவி எங்கே இருக்கிறது? பாரம்தான் இருக்கிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் தலைமைத்துவம் பேச்சில் ஊறிவிட்டது, அதைப் பிடுங்க நான் யார்? எங்கள் ஊரில் அது தாளில் மட்டும்தான் வாழ்கிறது.

'குழு சார்ந்த' இன்னும் மோசம். மொழிபெயர்ப்பாளருக்குப் பொருள் பிடிபடாத இடத்திலெல்லாம் ஒரு 'சார்ந்த' வந்து உட்கார்ந்துவிடுகிறது. சேர்ந்து வேலை செய்கிறவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பழக்குவதுதான் அந்தப் பயிற்சி. சரி, 'குழுத்தலைமை' என்று சுருக்கலாமா? குழுவுக்கு ஒரு தலைவர் என்று பொருள் திரும்பிவிடும். கூட்டுத்தலைமை என்பதே சரி.

விஷயம் இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி நேட்டால் மாகாணத்தின் பொலேலாவில் தொடங்கிய சுகாதார நிலையத்தில், உள்ளூர் ஆட்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். மருந்தோடு காய்கறித் தோட்டமும் போடச் சொன்னார்கள். 2011க்குப் பிறகு அரசு வார்டுகளில் அமைத்த சுகாதார அணிகளுக்கும் பெயரளவில் தலைவர் நர்சுதான். ஆனால் காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டவர் வீட்டு வாசலில் நின்று பேசும் பணியாளரிடம்தான் அந்த நேரத்துத் தலைமை இருக்கிறது. இதைத் 'தலைமைத்துவம்' எங்கே சொல்கிறது?

தாளின் ஓரத்தில் 'ஊர்ச் சுகாதாரத்துக்குக் கூட்டுத்தலைமைப் பயிற்சி' என்று எழுதி ஆயாவிடம் காட்டினேன். தடங்கலில்லாமல் படித்தார்.

"கூட்டு உண்டா? அப்போ சாப்பாடும் உண்டுதானே?"