ஆணுறை வைத்திருப்பது குற்றம் என்று யார் சொன்னது?

போன மாதம் பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண் எங்கள் பாலியல் நோய்க் கிளினிக்குக்கு வந்தார். வயது, ஊர் எதையும் எழுதப் போவதில்லை. யாழ்ப்பாணம் சின்ன இடம். மூன்று வருடமாக ஒழுங்காக வந்து இரத்தம் பார்த்துக்கொண்டு போகிறவர். ஒருமுறைகூட ஒன்றும் இருந்ததில்லை. இந்த முறை சிபிலிஸ். பெனிசிலின் ஊசி போட்டோம். சரியான நோவு ஊசி அது, போட்ட பிறகு கொஞ்ச நேரம் சரிந்துதான் இருக்க வேண்டும். வழமைபோல ஆணுறைப் பொதி ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கி, திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

"வேண்டாம் டொக்டர். பைக்குள்ள இது கிடந்ததாலதான் அண்டைக்கு என்னைக் கொண்டுபோனவங்கள்."

இரவு பஸ்சுக்கு நின்றவரைப் பொலிசார் மறித்து, கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறார்கள். நாலு ஆணுறை விழுந்திருக்கிறது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்" என்று ஒருவர் கேட்டாராம். ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு முடிந்துவிடும் என்று யாரோ சொல்ல, அவரும் ஒப்புக்கொண்டு காசைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு பையில் ஆணுறை வைப்பதில்லை. மிச்சக் கதையைத்தான் இரத்தப் பரிசோதனை சொன்னது.

இப்படி இவர் முதலாவது ஆள் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இவ்வளவு காலம் இந்தக் கதிரையில் இருந்ததில் தெரிந்துகொண்டது இது: வயது வந்த ஒருவர் காசுக்குப் பாலுறவு கொள்வதை நேரடியாகக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. பிடிப்பதெல்லாம் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தில். பொது இடத்தில் நின்று தொழிலுக்கு ஆள் கூப்பிடுவதைப் பற்றி அதில் இருக்கிறது. பாலியல் தொழில் விடுதி நடத்துவதற்கு எதிராக 1889இன் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. இரண்டுமே வெள்ளைக்காரன் போட்டவை. இரண்டிலும் ஆணுறை வைத்திருப்பது குற்றம் என்று ஒரு வரிகூட இல்லை. வேறு எந்தச் சட்டத்திலும் இல்லை. நாங்கள் அரசாங்கக் காசில் வாங்கி இலவசமாகக் கொடுக்கிறோம், இன்னொரு அரச உத்தியோகத்தர் அதையே சாட்சிப்பொருள் ஆக்குகிறார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

விடுதிச் சட்டத்தின் பயத்தால் இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் ஒருவருக்கு ஒருவர் துணை. ஆனால் அதையே விடுதி என்று சொல்லிவிடுவார்களோ என்று தனித்தனியாகப் போகிறார்கள். தனியாகப் போகிறவருக்கு அடி விழுந்தால் கேட்க ஆள் இல்லை.

இனி, எனக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிற கதைக்கு வருகிறேன். "இவளவையாலதான் ஊருக்குள்ள நோய் பரவுது." படித்தவர்கள் சொல்கிறார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், என்னோடு வேலை செய்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். கிருமி அந்தப் பெண்ணின் உடம்பில் தானாக முளைக்கவில்லை. ஒரு ஆண் கொண்டுவந்து கொடுத்தது. "கூடக் காசு தாறன், அது வேண்டாம்" என்று சொன்னவர் அவர்தான்; ஆணுறையை வேண்டாம் என்பது பெரும்பாலும் காசு கொடுக்கிற பக்கம். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் மச்சம் தொடாத ஒரு ஐயா எரிவோடு வந்து என் முன்னால் இருந்திருக்கிறார். கொனோறியா. "ஆரோ ஒருத்தி தந்திட்டாள்" என்றார். அவருக்குப் போன இடத்தின் பெயர் நினைவில்லை, கொடுத்த காசு நினைவிருந்தது. மனைவியைக் கூட்டிவரச் சொன்னேன். "அவ நல்ல பொம்பிளை டொக்டர், அவவுக்கு ஒண்டும் இராது" என்றார். கிருமிக்கு நல்ல பொம்பிளை, கெட்ட பொம்பிளை தெரியாது ஐயா. கொனோறியா பெண்களில் பல நேரம் ஒரு அறிகுறியும் காட்டாது. உள்ளே இருந்து கருப்பையையும் குழாய்களையும் கெடுக்கும்.

அப்படி ஒன்றும் தெரியாமல் இருக்கிற மனைவிமார் பிறகு கர்ப்பவதிகள் கிளினிக்கில் பிடிபடுவார்கள். இந்த நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம் பார்க்கிறோம். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை இல்லாமல் ஆக்கிய நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது இதனால்தான். அந்தப் பெண்களிடம் முடிவைச் சொல்வது என் வேலையிலேயே பாரமான வேலை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவரும் அப்போது அவருடைய கணவரின் படத்தை இணையத்தில் போடுவதில்லை.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. "யாழில் விடுதி முற்றுகை", "கலாசாரச் சீரழிவு" என்று செய்தி போடுகிறவர்களே, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிற பெண்களின் படம் உங்களுக்கு எதற்கு? அந்த அறைக்குள் இருந்த ஆண் எங்கே? ஒவ்வொரு முற்றுகைச் செய்திக்குப் பிறகும் எங்கள் வாங்கு இரண்டு மூன்று கிழமைக்கு வெறுமையாகக் கிடக்கும். நோய் அந்த நாட்களில் லீவு எடுப்பதில்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரிகளுக்கும், திருநங்கைகளுக்கும், ஆண்களுக்கும்: மூன்று மாதத்துக்கு ஒருதடவை வாருங்கள். கடிதம் தேவையில்லை, அடையாள அட்டை கேட்க மாட்டோம், இலக்கத்தைத்தான் கூப்பிடுவோம். காசு இல்லை. ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், பேபி ஒயில், வாசலின் ஒன்றும் பாவிக்க வேண்டாம், இறப்பர் உடனே பழுதாகும்; தண்ணீரில் செய்த வழுவழுப்புப் பசை கேளுங்கள், தருவோம். இரண்டை ஒன்றுக்கு மேல் ஒன்று போடுவது பாதுகாப்பு இல்லை, இரண்டும் கிழியக்கூடும். எங்கள் வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்ததை எறிந்துவிடுங்கள்.

கிழிந்துவிட்டதா, அல்லது யாராவது பலவந்தம் செய்தார்களா? ஓடி வாருங்கள். எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்கிற மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "நான் இந்தத் தொழில், எனக்கு நடந்தது பலாத்காரமா" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆம் அம்மா, பலாத்காரம்தான். நீங்கள் சம்மதிக்காதது எதுவும் உங்கள் தொழில் அல்ல. முறைப்பாடு கொடுக்கலாம். பொலிசுக்குப் போகப் பயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரியில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிற நட்பு நிலையத்தைக் கேளுங்கள், இல்லாவிட்டால் பெண்கள் உதவி இலக்கம் 1938க்கு அழையுங்கள். மறித்தால் பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்கலாம். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவமானப்படுத்தினால், அடித்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. வழக்கு என்றால் ஒப்புக்கொள்வதற்கு முதல் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு வார்த்தை கேளுங்கள், தயவுசெய்து.

இவர்களிடம் போகிற ஆண்களுக்கு நீட்டி முழக்க மாட்டேன். ஆணுறை போடுங்கள். நீங்களும் வந்து இரத்தம் பாருங்கள். பார்மசியில் சொல்லி நாலு குளிசை வாங்கிப் போட்டுவிட்டு சுகம் என்று நினைக்காதீர்கள்.

வயது 18க்குக் குறைந்த பிள்ளை என்று சந்தேகம் வந்தால் அங்கே தொழில் என்ற பேச்சே இல்லை. சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அழையுங்கள்.

வேறு வாட்டுகளில் இருக்கும் என் சகோதர உத்தியோகத்தர்களே, "அந்தக் கேஸ் வந்திருக்கு" என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தாதீர்கள். அப்படி ஒருமுறை கேட்டவரைத் திரும்ப வரவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும். திகதி கார்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார்ட்டை மட்டும் நாலாக மடித்துக் கொண்டுபோனார். பொதி இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.