பாராதைராய்டு: சொல்லும் பொருளும், ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமும்

கோவையில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் "என்ன ஆபரேஷனுங்க?" என்று கேட்டால், பாராதைராய்டுக்காக வந்தவர்கள்கூட "தைராய்டுங்க" என்றுதான் சொல்வார்கள். முன்னால் இருக்கும் "பாரா" விழுந்துவிடுகிறது. ஊரிலிருந்து விசாரிக்க வருகிறவர்களும் அதற்கேற்றபடி பேசுவார்கள்: "காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டே இருக்கோணும்", "முட்டைக்கோஸ் சேர்த்தாதீங்க", "எங்க சித்திக்கும் இதேதான்". எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஒன்றுகூட பாராதைராய்டு நோய்க்குப் பொருந்தாது. இரண்டுமே கழுத்தில் இருக்கும் சுரப்பிகள்தான், ஆனால் தைராய்டு வேறு, ரத்தத்தில் கால்சியம் அளவைக் கவனிக்கும் பாராதைராய்டு வேறு. இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன என்பதைத் தவிர வேலையில் எந்த உறவும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான், அதனால் பெயரிலிருந்தே வருவோம். கிரேக்கத்தில் துரா என்றால் கதவு. துரெயோஸ் என்பது முதலில் வாசலை அடைக்க வைக்கும் பெரிய கல். பிறகு, கதவுபோல் நீண்டு ஆளையே மறைக்கும் கேடயத்துக்கு அந்தப் பெயர் வந்தது. எய்தோஸ் என்றால் வடிவம். ஆக, தைராய்டு என்றால் கேடய வடிவமானது. உண்மையில் கேடயம்போல் இருப்பது சுரப்பி இல்லை, குரல்வளையின் முன்பக்கக் குருத்தெலும்பு. ஆண்களுக்குத் தொண்டையில் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அதுதான். 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், அந்தக் குருத்தெலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதால் சுரப்பிக்கும் அதே பெயரை வைத்தார்.

பாரா என்பதும் கிரேக்கம்தான். பக்கத்தில், அருகில் என்று பொருள். பாராமெடிக்கல் படிப்பு என்கிறோமே, அதில் வரும் பாராவும் இதுவே. குருத்தெலும்பின் பெயர் பக்கத்துச் சுரப்பிக்குப் போயிற்று. அந்தச் சுரப்பியின் பெயர், அதற்கும் பக்கத்தில் இருந்த நான்கு சின்னஞ்சிறு சுரப்பிகளுக்குப் போயிற்று. கடைசிவரை யாரும் இவை என்ன வேலை செய்கின்றன என்று கேட்டுப் பெயர் வைக்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது, பெயர் வைத்த காலத்தில் அது யாருக்கும் தெரியாது.

முதலில் இது கண்ணில் பட்டது மனிதனிடம்கூட இல்லை, ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடம். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849இல் அது இறந்தபோது அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் என்ற உடற்கூறு அறிஞர், தைராய்டை ஒட்டி மஞ்சளாக ஒரு சிறு சுரப்பி இருப்பதைக் குறித்துவைத்தார். மனிதர்களுக்கும் இருக்கிறது என்று காட்டி, பாராதைராய்டு என்று பெயரும் சூட்டியவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம், 1880இல். அந்தக் காலத்தில் தைராய்டை முழுவதுமாக எடுத்தால் சிலருக்குக் கைகால் முறுக்கி இழுப்பு வந்தது. அவர்களில் பலர் இறந்தும் போனார்கள். தைராய்டோடு சேர்த்து இந்தச் சுரப்பிகளையும் தெரியாமல் எடுத்துவிட்டதுதான் காரணம். 1909இல் மெக்கல்லம், வோக்ட்லின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அந்த இழுப்பு கால்சியம் குறைவதால் வருவது என்றும், கால்சியம் கொடுத்தால் நிற்கும் என்றும் காட்டினார்கள். இந்தச் சுரப்பி சுண்ணாம்புச் சத்தைக் காவல் காக்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது. 1925இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர், எலும்பெல்லாம் கரைந்து நடக்க முடியாமல் போன ஒரு டிராம் வண்டித் தொழிலாளிக்கு, பெருத்துப் போன பாராதைராய்டை எடுத்து எழுந்து நடக்க வைத்தார். இன்று நம் ஊரில் நடக்கும் ஆபரேஷனுக்கு அதுதான் தொடக்கம்.

தமிழில் என்ன சொல்வது? தைராய்டுக்குக் கேடயச் சுரப்பி என்ற சொல் நன்றாகவே ஊன்றிவிட்டது. (கேடயம் என்பது வடமொழிக் கேடகத்திலிருந்து வந்தது. பழந்தமிழில் அதற்குத் தோல், கிடுகு என்றெல்லாம் பெயர் உண்டு. கிடுகு இன்று தென்னங்கீற்று முடைசலுக்குப் பெயராகிவிட்டது.) பாராதைராய்டுக்குத் துணைக் கேடயச் சுரப்பி, இணைகேடயச் சுரப்பி என்று எழுதுகிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் பாராதைராய்டு என்றே இருக்கிறது, அது சுரக்கும் நீருக்குப் பாராதார்மோன் என்று பெயர்.

துணை என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. தைராய்டுக்கு ஒத்தாசை செய்கிற ஏதோ ஒன்று என்று நோயாளி நினைத்துக்கொள்வார், பழைய குழப்பமே திரும்பவும் வரும். இணை என்றால் சமமான ஜோடி. அதுவும் இல்லை. பாரா என்பதற்குச் சரியான தமிழ் அயல் அல்லது பக்கம்தான். அயற்கேடயச் சுரப்பி என்றால் மூலச் சொல்லுக்கு நேராக நிற்கும், கலைச்சொல் அகராதிக்கு அது போதும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரிடம் பேசும்போது நான் சுண்ணாம்புச் சுரப்பி என்றே சொல்வேன். கால்சியம் என்ற பெயரே லத்தீனில் சுண்ணாம்பைக் குறிக்கும் கால்க்ஸ் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். மதுக்கரையில் சிமெண்டுக்கு வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே சத்துத்தான் நம் எலும்பிலும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுரப்பி என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஏன் கால்சியம் கால்சியம் என்றே பேசுகிறார்கள் என்பது தானாகப் புரியும்.

நான்கும் சேர்ந்தாலும் ஒரு கைப்பிடி கூட வராது, ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவுதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதார்மோன் கூடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் வீணாகப் போவதைத் தடுக்கும், வைட்டமின் டியைத் தூண்டிவிட்டு சாப்பாட்டிலிருந்தும் இழுக்கும். கால்சியம் போதுமான அளவு வந்ததும் சுரப்பி அடங்கிவிட வேண்டும். அடங்காமல் சுரந்துகொண்டே இருப்பதுதான் நோய்: ஹைப்பர்பாராதைராய்டிசம், தமிழில் மிகைச்சுரப்பு. பெரும்பாலோருக்கு, நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், நான்கில் ஒன்று மட்டும் பெருத்திருக்கும். அதற்கு அடினோமா என்று பெயர். அடேன் என்றால் சுரப்பி, ஓமா என்றால் கட்டி. கட்டி என்றதும் வீட்டில் எல்லோரும் ஆடிப்போகிறார்கள். சுரப்பிக்கட்டி என்று முழுதாகச் சொல்லி, புற்று இல்லை என்றும் சேர்த்துச் சொல்வது நல்லது. இந்தச் சுரப்பியில் புற்றுநோய் வருவது மிக மிக அபூர்வம்.

கொங்குப் பக்கம் சிறுநீரகக் கல் வந்தால் உடனே போர் தண்ணியைத்தான் குற்றம் சொல்வோம். "சப்பத் தண்ணி குடிச்சா கல்லு வராம என்ன பண்ணும்?" திரும்பத் திரும்பக் கல் வருகிறவர்கள், தண்ணியை மட்டும் பழிக்காமல் ரத்தத்தில் கால்சியமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை சரியான அளவு. கூடவே பிடிஎச், அதாவது பாராதார்மோன் அளவும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கால்சியம் உயர்ந்திருக்கும்போது பிடிஎச் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல், அச்சடித்த எல்லைக்குள் இருந்தால்கூட, சுரப்பி அடங்கவில்லை என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. காகிதத்தில் "நார்மல்" என்று பார்த்து விட்டுவிடக் கூடாது. காரணமில்லாத சோர்வு, எலும்பு வலி, மலச்சிக்கல், மறதி, மனச்சோர்வு, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவது என்று அறிகுறிகள் ஆளுக்கொன்றாக வரும். வயதாகிவிட்டது என்றே பல வருடம் ஓடிவிடும்.

ஆபரேஷனுக்கு பாராதைராய்டெக்டமி என்று பெயர். எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. தமிழில் அகற்றல். ஆபரேஷன் தேதி முடிவாவதற்கு முன் எந்தச் சுரப்பி என்று கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்டும் செஸ்டமிபி ஸ்கேனும் எடுப்பார்கள். செஸ்டமிபியில் கொஞ்சம் கதிரியக்கம் உள்ள டெக்னீசியத்தை ஊசியில் ஏற்றுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. நான்கில் கீழே இருக்கும் இரண்டு சுரப்பிகள், கருவில் நெஞ்சுக்குள் இறங்கும் தைமஸ் என்ற உறுப்போடு சேர்ந்து இறங்கி வருபவை. சிலருக்கு அவை கழுத்தில் நிற்காமல் நெஞ்சுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும். ஸ்கேனுக்கு இத்தனை மெனக்கெடுவது அதனால்தான்.

முன்தயாரிப்பில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, பிரஷருக்கான நீர் மாத்திரை (அதில் தையசைடு வகை கால்சியத்தை ஏற்றும்), நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது பிடிஎச் பரிசோதனையின் கணக்கையே மாற்றிவிடும். எதையும் தானாக நிறுத்தவும் வேண்டாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முன்பே ஏற்றிவிடுவார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் தடாலென்று இறங்காமல் இருக்க அது உதவும். "கால்சியம் ஜாஸ்தியா இருக்குது, பால் தயிரை நிறுத்திப்போடலாம்" என்று வீட்டில் முடிவெடுப்பார்கள். தேவையில்லை. கால்சியம் கூடியிருப்பது சாப்பாட்டால் இல்லை, எலும்பிலிருந்து உருவப்படுவதால். சாப்பாட்டில் குறைத்தால் சுரப்பி இன்னும் முறுக்கிக்கொள்ளும். தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்க வேண்டும், மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்கு.

ஆபரேஷன் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். பாராதார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் கரைந்துவிடும். அதனால் கட்டியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, மயக்கத்தில் இருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் சரியான சுரப்பியைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அதற்குப் பிறகுதான் புதுச் சொற்கள் வரிசையாக வரும். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த என் அத்தைக்கு ஆபரேஷன் முடிந்திருந்த சமயம். நர்ஸ் பொண்ணு வந்து, "ஏனுங்கம்மா, வாயைச் சுத்தி மரமரன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டது. "ஆமாங் கண்ணு, உதடு சுறுசுறுங்குது. வெரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்றாப்பல இருக்குது." அந்தப் பொண்ணு உடனே போய் டாக்டரைக் கூட்டி வந்தது. டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் "டெட்டனி" என்று சொன்னதைக் கேட்டு, மாமா பதறிப்போய், "ஆணி கீணி ஒண்ணும் குத்தலீங்களே, டிடி ஊசி எதுக்குங்க?" என்றார். அவர் டெட்டனஸ் என்று நினைத்துக்கொண்டார். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான், கிரேக்கத்தில் இழுத்து விறைப்பது என்று பொருள். டெட்டனஸ் கிருமியால் வருவது. டெட்டனி கால்சியம் குறைவதால் வருவது. தமிழில் தசை இசிவு என்கிறோம், வீட்டில் கொரக்களி என்போம். கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றியதும் அத்தைக்கு உதட்டில் இருந்த அந்தச் சுறுசுறு உணர்வு அடங்கிவிட்டது.

கால்சியம் இப்படி இறங்குவதற்கு இருக்கும் பெயர் மருத்துவச் சொற்களிலேயே எனக்குப் பிடித்த ஒன்று: பசித்த எலும்பு. வருடக்கணக்காகக் கால்சியத்தை இழந்த எலும்பு, உருவிக்கொண்டிருந்த சுரப்பி போனதும், ரத்தத்தில் இருப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ரத்தத்தில் கால்சியம் அடிமட்டத்துக்குப் போவது வழக்கம். நோய் முற்றியவர்களுக்கும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் இது கடுமையாக இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் நடக்கலாம் என்பதால், உதட்டிலோ விரலிலோ மரமரப்பு என்றால் "கை மரத்திருக்கும்" என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். கழுத்து வீங்கி இறுகினாலோ மூச்சு விடத் திணறினாலோ போன் செய்துகொண்டிருக்கக் கூட நேரமில்லை, 108ஐ அழைத்துக் கிளம்ப வேண்டியதுதான். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழலை அழுத்தலாம்.

மாத்திரையில் ஒரு சிக்கல். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் உள்ள கால்சியம் 500தான். ஓர் அட்டையில் 1250 என்றும் வேறோர் அட்டையில் 500 என்றும் இருப்பதைப் பார்த்து, அளவு மாறிவிட்டது என்று பாதி மாத்திரை போட்டவர்களும் உண்டு. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வயிற்று அமிலம் இருந்தால்தான் கரையும். உண்மையிலேயே தைராய்டு மாத்திரையும் போடுகிறவராக இருந்தால், இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, களியும் கூழும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதில் இயற்கையாகவே உள்ள ஃபைடேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரைக்குப் பதிலாக ராகி என்பது மட்டும் கூடாது.

தொண்டை ஓரிரு நாள் கரகரப்பாக இருக்கும், மயக்கத்துக்குப் போட்ட குழாயால். அதுவரை குழைவாக வடித்த அரிசிம்பருப்பு சாதம் நெய் விட்டுச் சாப்பிட்டால் இதமாக இறங்கும். குரல் நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுவதால் சிலருக்குக் குரல் கொஞ்ச நாள் கம்மியிருக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் காட்ட வேண்டும். கழுத்தை வலியில்லாமல் இரண்டு பக்கமும் திருப்ப முடிகிறவரை வண்டி ஓட்ட வேண்டாம். தழும்பு மங்க ஒரு வருடம்கூட ஆகும், வெயிலில் போகும்போது துண்டோ முந்தானையோ மூடினால் கறுக்காது.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இந்த நோய் வந்தால், பெரும்பாலும் நான்கு சுரப்பியுமே பெருத்திருக்கும். நான்கையும் எடுத்துவிட்டு, ஒன்றில் கொஞ்சத்தை நறுக்கி முன்கைத் தசைக்குள் பதித்து வைப்பதுண்டு. அது அங்கேயே ரத்த ஓட்டம் பிடித்துச் சுரக்கத் தொடங்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் கையில் இருக்கும்போதும் அதைப் பாராதைராய்டு என்றுதான் எழுதுகிறார்கள். அந்தக் கையில் ரத்தம் எடுத்து பிடிஎச் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், எந்தக் கை என்று லேபில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாருக்கானாலும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது கால்சியம் சரியாக இருந்தால்தான் குணமானது என்று கணக்கு. அந்தப் பரிசோதனைக்கு நாளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.