துபாய் சம்பளத்த ரூபாயில பெருக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

இந்த வாரமும் ஒரு தம்பி சேலரி அட்வான்ஸ் ஃபார்மோட வந்து நின்னார். வேலைல சேந்து நாலு மாசம் ஆகல. 9,000 திர்ஹாம் சம்பளம், விசா கைக்கு வந்த கையோட மனைவியையும் குழந்தையையும் கூட்டிட்டு வந்துட்டார், ரெண்டாவது வாடகை செக் அடுத்த வாரம் பேங்குக்குப் போகுது, அக்கவுண்ட்ல காசில்ல. துபாயில பேரோல் பாக்குற எனக்கு இந்த ஃபார்ம் புதுசில்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் அதே கதை, அதே தப்புக் கணக்கு, பாக்கப் பாக்க ஆத்தாமையா இருக்கு. அதான் எழுதுறேன்.

ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கு வீட்ல எல்லாரும் உக்காந்து என்ன பண்றோம்? 9,000ஐ அன்னைய ரூபா ரேட்டால பெருக்குறோம். ரெண்டு லட்சத்துக்கு மேல, அதுவும் வருமான வரி கிடையாது. உடனே வீட்டு லோனுக்கு இவ்ளோ, தங்கச்சி கல்யாணத்துக்கு இவ்ளோன்னு பங்கு போட்டாச்சு. நீங்க சம்பாதிக்கிறதும் திர்ஹாம், செலவு பண்றதும் திர்ஹாம். வாடகை, பஸ்ஸு, பால், குழந்தைக்குக் காய்ச்சல்னா கிளினிக்கு, எல்லாமே திர்ஹாம்ல போயி கடைசியா என்ன மிஞ்சுதோ அது மட்டும்தான் ஊருக்குப் போகும், அத மட்டும் பெருக்குங்க. இத எத்தன பேருக்குச் சொன்னாலும் தலையாட்டிட்டு மறுபடியும் முழு சம்பளத்தத்தான் பெருக்குறாங்க. இன்னொன்னும் பாக்குறேன், கராமா ஏரியால டீ குடிக்கும்போது ரூபாயில கணக்குப் போட்டு மனசு வலிக்கிறவர், வாடகை அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடும்போது மட்டும் பெருக்கவே மாட்டார்.

சரி, அந்தத் தம்பி கணக்கையே பாப்போம். அல் நஹ்தா பக்கம் வருஷத்துக்கு 60,000 வாடகைல ஒரு பெட்ரூம் வீடு, வருஷ வாடகைய முன்கூட்டியே தேதி போட்டு நாலு செக்கா எழுதிக் குடுத்தாச்சு. "மாசம் 5,000 தானே சார்"ங்குறார். இல்ல தம்பி, மாசம் 5,000 இல்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா 15,000, அதுவும் முன்கூட்டியே. முதல் செக் 15,000, டெபாசிட் 5 சதவீதம்னா 3,000, ஏஜெண்ட் கமிஷன் இன்னொரு 5 சதவீதம் 3,000, அந்தக் கமிஷனுக்கு வாட் வரி 150, தேவானு சொல்ற துபாய் மின்சார, தண்ணி வாரியத்துக்கு கரண்ட் தண்ணி கனெக்‌ஷன் டெபாசிட் அப்பார்ட்மெண்டுக்கு 2,000, எஜாரிங்குற வாடகை அக்ரிமெண்ட் பதிவுக்கு ஒரு இருநூத்திச் சொச்சம். கூட்டிப் பாருங்க, 23,000 தாண்டிருச்சு. பாய், தலகாணி இன்னும் வாங்கல. முதல் சம்பளமே 9,000 தான். மிச்சத்துக்கு எங்க போவார்? ஊர்ல நகைய வச்சு அனுப்பச் சொன்னார், அது முதல் செக்கோட தீந்துபோச்சு.

மாசச் செலவயும் சொல்றேன். வாடகைக்கு ஒதுக்க வேண்டியது 5,000. மெட்ரோ, பஸ்ஸுக்கு எல்லா ஸோனும் சேத்து நோல் பயண கார்டுல மாச பாஸ் 350. கரண்ட், தண்ணி ஒரு 450, போன், நெட் ஒரு 450, மளிகை, காய்கறி மூணு பேருக்குச் சிக்கனமா 1,300. தேவா பில்ல கரண்ட், தண்ணிக்குக் கீழ ஹவுசிங்னு ஒரு வரி இருக்கும், வருஷ வாடகைல 5 சதவீதத்த 12ஆப் பிரிச்சு மாசாமாசம் போடுவாங்க, இவருக்கு 250. அது முனிசிபாலிட்டிக்குப் போற காசு, லைட்ட அணைச்சா குறையாது. மொத்தம் 7,800. மிச்சம் 1,200, ரூபாயில முப்பதாயிரம் பக்கம். குழந்தை இன்னும் ஸ்கூல்ல சேரல, ஜூன், ஜூலை ஏசி பில் இன்னும் வரல. ரெண்டு லட்சம் எங்க, இது எங்க?

சில பில்டிங்ல ஏசிக்கு மட்டும் தனிக் கம்பெனி, தனி பில், தனி டெபாசிட். நீங்க வீட்டப் பூட்டிட்டு லீவுக்கு ஊருக்குப் போனாலும் அதுல ஒரு நிலையான சார்ஜ் வந்துகிட்டேதான் இருக்கும். வீடு பாக்கும்போது "சில்லர் ஃப்ரீயா?", அதாவது ஏசி குளிரூட்டுற செலவு வாடகைலயே சேந்ததான்னு கேக்காம டோக்கன் குடுக்காதீங்க.

எனக்கு ரொம்பக் கவலை தர்றது இது. புரொபேஷன் ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம், அந்த டைம்ல 14 நாள் நோட்டீஸ் குடுத்து கம்பெனி அனுப்பிடலாம். வீட்டு அக்ரிமெண்ட் ஒரு வருஷம், நடுவுல விட்டுப் போனா ரெண்டு மாச வாடகை அபராதம்னு பெரும்பாலும் எழுதியிருக்கும். 14 நாள்ல போகக்கூடிய வேலைய நம்பி ஒரு வருஷத்துக்கு செக் எழுதிக் குடுக்குறீங்க. 2022 ஜனவரிக்கு அப்புறம் காசில்லாம திரும்புற செக்குக்கு முன்ன மாதிரி கிரிமினல் கேஸ் இல்லதான், ஆனா செக்க வச்சே நேரா கோர்ட்டுல வசூலுக்குப் போகலாம், அக்கவுண்ட் முடங்கலாம், நாட்ட விட்டுப் போக முடியாத டிராவல் பேன் வரைக்கும் போகலாம். "இப்பல்லாம் ஜெயில் இல்ல சார்"னு தைரியமா செக்க வீசாதீங்க.

ஷார்ஜா வாடகை கம்மி, உண்மைதான். ஆனா அங்க மெட்ரோ கிடையாது, ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் நடுவுல இருக்குற அல் இத்திஹாத் ரோட்டு டிராஃபிக்ல தினமும் எவ்ளோ நேரம் நிப்பீங்கன்னு ஒரு திங்கக்கிழமை காலைல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தனியா இருக்கவங்க பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் இடம் மட்டும் வாடகைக்குத் தேடும்போது, ஹால்ல பலகை அடிச்சு மறைச்ச பார்ட்டிஷன் ரூமுக்குப் போகாதீங்க, அதுக்கு அனுமதி கிடையாது, 2025ல முனிசிபாலிட்டி இறங்கிக் காலி பண்ண வச்சாங்க, ராத்திரி பெட்டியோட நடுரோட்டுல நிக்க வேண்டி வரும்.

குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி தரலேன்னா நீங்கதான் எடுக்கணும், கட்டாயம். ஸ்கூல் ஃபீஸ பக்கத்து வீட்ல கேக்காதீங்க, துபாய் தனியார் ஸ்கூல்களக் கண்காணிக்கிற அரசு அமைப்பு கேஹெச்டிஏ சைட்ல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அனுமதிச்ச ஃபீஸ் போட்டிருக்கும். பஸ்ஸும் யூனிஃபார்மும் அதுக்கு மேல.

அப்புறம் அந்த மால்ல நிக்கிற கிரெடிட் கார்டு பசங்க. சம்பளத்துல பாதி வரைக்கும் தவணை போகலாம்னு சென்ட்ரல் பேங்க் விதி சொல்லுது, அது பேங்குக்குப் போட்ட எல்லை, நீங்க தாங்குற அளவு இல்ல. மேல உள்ள கணக்குல மிச்சமே 1,200, அதுல எங்கிருந்து தவணை கட்டுவீங்க? வேலை போச்சுன்னா கடைசி செட்டில்மெண்ட் அந்த பேங்க் அக்கவுண்டுக்குத்தான் வரும், லோன் பாக்கி இருந்தா அத எடுக்க விடமாட்டாங்க. கிராஜுவிட்டி இருக்குன்னு மிதப்புலயும் இருக்காதீங்க, முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுவும் பேசிக்ல மட்டும். 9,000ல பேசிக் எவ்ளோன்னு ஆஃபர் லெட்டர எடுத்துப் பாருங்க, நிறைய பேர் பாக்குறதே இல்ல.

தயவுசெஞ்சு முதல் ஆறு மாசம் தனியா வாங்க. புரொபேஷன் முடியட்டும், ரெண்டு செக்குக்கான காசு அக்கவுண்ட்ல தனியா நிக்கட்டும், அப்புறம் குடும்பத்தக் கூப்பிடுங்க. ஆறு மாசம் குழந்தையப் பிரிஞ்சிருக்கிறது கஷ்டம்தான், தெரியும். காசில்லாம நாலாவது மாசம் அவங்கள ஏர்போர்ட்ல விட்டுட்டு வர்றது அதவிடக் கஷ்டம். அந்தத் தம்பி வீட்லயும் இப்ப டிக்கெட் போட்டுட்டு இருக்காங்க.

ஆஃபர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எங்கள மாதிரி எச்ஆர்ல இருக்கவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: ஹவுசிங் அலவன்ஸ மூணு மாசத்துக்கோ ஆறு மாசத்துக்கோ முன்கூட்டியே தருவீங்களா? பல கம்பெனில தருவாங்க, கேட்டா மட்டும். பேசி லெட்டர்லயே எழுதி வாங்கிருங்க. சேந்தப்புறம் வந்து கேட்டா என்கிட்ட இருக்கறது அந்த அட்வான்ஸ் ஃபார்ம் மட்டும்தான், அதையும் அடுத்த மாச சம்பளத்துலதான் பிடிப்பேன்.